கூரை ஒழுகாமல் இருக்க: ஒன்ராரியோவில் உள்ள நண்பருக்கு

உப்புவெளி, திருகோணமலை
பெப்ரவரி 8

அன்பு நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வைகாசியில் வந்தது. பதில் எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. கோபிக்க வேண்டாம். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும், உள்ளே தங்கும் பழைய ட்ரெயிலர் வண்டிக்கு, தகடு பொருந்தும் ஓரங்களில் எந்த ரேப் (tape, ஒட்டுப்பட்டி) போட்டால் மழை உள்ளே வராது என்று கேட்ட ஒருவருக்கு, ஒரு கச்சானையும் ஒரு மாரியையும் காணாமல் பதில் சொல்வது சரியாகாது என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். வள்ளங்களுக்குக் கண்ணாடி போடும் வேலையை இப்போது மகன்தான் பார்க்கிறான். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து குறை சொல்லுகிறேன்.

நீர் உமது மைத்துனரிடம் கொடுத்துவிட்ட மூன்று ரேப் துண்டுகளையும் முதலில் விரலால்தான் சோதித்தேன். சாம்பல் நிறத் துண்டில் சுண்டுவிரல் நுனி அளவு கிள்ளி எடுத்து இரு கையாலும் இழுத்தபோது, அது சவ்வு மிட்டாய் போல நூலாக நீண்டு, ஒரு முழம் போன பிறகும் அறாமல் நின்றது. வெள்ளைத் துண்டு, ரொட்டிக்குக் குழைத்த மாவைப் போல, இழுத்தவுடனேயே அறுந்துவிட்டது. நீண்டது பியூட்டைல் என்ற செயற்கை இறப்பர் ரேப்; அறுந்தது புட்டி ரேப், அதாவது கல்லுத்தூளை எண்ணெயில் குழைத்த பழைய சாமானின் தம்பி. இரண்டும் ஒரே அகலத்தில், ஒரே தடிப்பில், ஒரே மாதிரிக் கடதாசியில் சுற்றி வருவதால்தான் ஆட்கள் மலிவானதை வாங்கிக்கொண்டு போய் ஏமாறுகிறார்கள். மூன்றாவது, வெள்ளித்தாள் முதுகுள்ள அகல ரேப்; அதன் ஒட்டும் பக்கத்தை முகர்ந்தபோது புதிதாகப் போட்ட தார் வீதியின் மணம் வந்தது.

பிறகு ஒரு தேக்குப் பலகையின் மேல் அலுமினியத் தகட்டு ஓரங்களை உமது வண்டியின் மூலையில் இருப்பது போலவே ஸ்குறூ ஆணியால் பூட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வொரு ரேப்பை வைத்து, நான்காவதற்கு இங்கே ஹாட்வெயாரில் வாங்கிய சாதாரணச் சிலிக்கனைப் பூசி, தண்ணீர்த் தாங்கி நிற்கும் கொங்கிறீட் தட்டின் மேல் மேற்கு வெயிலுக்கு வைத்தேன். ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களில் நண்பகலில் அந்தத் தகட்டில் கை வைக்க இயலாது. முதலில் தோற்றது வெள்ளித்தாள் ரேப்தான். ஓரத்தால் தார் இளகி வழிந்து பலகை வரைக்கும் கறுப்பாக இறங்கிவிட்டது. வெள்ளித்தாள் ரேப்பில் பியூட்டைல் பூசியதும் உண்டு, தார் பூசியதும் உண்டு. மூக்கை நம்பி வாங்கும். புட்டியை ஐப்பசியில் நகத்தால் கீறினேன், பிட்டுப் போல உதிர்ந்தது. சிலிக்கன் மேலே பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. தை பிறந்த பிறகு தகட்டைச் சற்று வளைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் தோல் உரிவது போலக் கழன்று வந்தது, அதன் கீழே அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பியூட்டைல் இருந்த தகட்டை மட்டும் புட்டிக் கத்தியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த ரேப் வைத்த அன்று போலவே இழுபட்டது; அதனூடாகப் போன ஆணியின் தண்டு வாங்கியபோது இருந்த மினுக்கத்துடனேயே வந்தது. தகட்டுக்கு வெளியே பிதுங்கியிருந்த விளிம்பில் மாத்திரம் மணலும் ஒரு கோழி இறகும் ஒட்டிக் கிடந்தன.

ஏன் அப்படி என்பதை நீர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் அலுமினியம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.023 மில்லிமீற்றர் நீளும். உமது வண்டி 13 அடி, ஏறக்குறைய 4 மீற்றர். உங்கள் ஊரின் பனிக்கால இரவுக்கும் கோடை வெயில் ஏறிய கூரைக்கும் இடையில் 60 பாகை வித்தியாசம் என்று குறைத்து வைத்தாலும், அந்தத் தகடு ஐந்தரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். உள்ளே இருக்கும் மரச்சட்டமோ நெடுக்குவாட்டில் அதன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அசையும். ஆகவே உமது வண்டியில் தகடும் மரமும் ஒவ்வொரு நாளும் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டுதான் நிற்கின்றன. நடுவில் இருக்கும் பொருள் காய்ந்தால் வெடிக்கும். இறுகினால் ஒரு பக்கத்தை விட்டுவிடும். நான் சோதித்தவற்றில் காயவே காயாமல் இரண்டுடனும் சேர்ந்து இழுபடுவது பியூட்டைல் ஒன்றுதான். எங்கள் பாட்டன்மார் தோணிக்குக் கலப்பத்து அடித்தபோது பலகை இணைப்பில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியதும் இதே காரணத்துக்காகத்தான். எண்ணெய் வற்றியதும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒரு சின்னக் கதை. பியூட்டைல் இறப்பரை 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். காற்றை விடாமல் பிடித்து வைத்திருப்பதால் ரயர் ரியூப்புக்கு அது பிரமாதம். 1942இல் மலாயா ஜப்பானியரிடம் விழுந்ததும் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தருவதற்கு இலங்கைதான் முக்கிய இடமாக மிஞ்சியது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. அந்த நெருக்கடியில்தான் உமது ஒன்ராரியோ மாகாணத்தில், சார்னியா என்ற ஊரில், அரசாங்கமே செயற்கை இறப்பர் ஆலையைக் கட்டியது; பியூட்டைலும் அங்கே செய்தார்கள். உமது வீட்டிலிருந்து அது எத்தனை மணித்தியாலம் என்று தெரியாது, ஆனாலும் அந்த ரேப்பை என்னிடம் கேட்டு எழுதியது வேடிக்கைதான்.

சிலிக்கன் போதாதா என்று நீர் கேட்டிருந்தீர். இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லுகிறேன். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் வள்ளம் ஒன்றின் அறைக் கண்ணாடிகளுக்கு ஒரு வருடம் அவசரத்தில் சிலிக்கனைப் பூசிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பருவத்திலேயே ஒழுகத் தொடங்கியது. திரும்பச் செய்வோம் என்று இறங்கினால், சுரண்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படை மிச்சம் இருந்து, அதன் மேல் வேறு எதுவும் ஒட்டவில்லை. பூச்சு அடித்தால் மீன் கண் போலப் புள்ளி புள்ளியாக விலகி ஓடியது. மூன்று நாள் உரஞ்சுதாளுடன் இருந்தேன், கூலியும் கேட்க முடியவில்லை. வினாகிரி மணக்கும் சிலிக்கன் வகை அலுமினியத்தையும் அரிக்கும். உமக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர் படத்தில் தெரிவது போல எல்லா ஓரத்திலும் சிலிக்கனை அள்ளிப் பூசியிருக்கிறார். ரேப் வாங்குவதற்கு முன் அதை முழுக்கப் பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுக்கும், அதற்கென்று விற்கும் கரைப்பானையும் பயன்படுத்தும். இந்த வேலையில் பாதி நாள் இதற்கே போகும்.

பொலியூரிதேன் பசையையும் உமக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நல்ல பசை, ஆனால் பசை. என்றாவது கண்ணாடிச் சட்டத்தைக் கழற்ற வேண்டி வந்தால் மெல்லிய அலுமினியம் நெளிந்துதான் வரும், அறுபது வருடத் தகட்டுக்கு மாற்றுத் தகடு எங்கே தேடுவீர்? தூக்கிப் பிடிக்கும் வேலையை ஸ்குறூ ஆணி செய்யட்டும், தண்ணீரைத் தடுக்கும் வேலையை ரேப் செய்யட்டும்.

வாங்க வேண்டியது முக்கால் அங்குல அகலமும் எட்டில் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள பியூட்டைல். மூலைச் சட்டத்துக்கு ஒரு அங்குல அகலம் நல்லது. அதிலும் மெல்லியதை எடுக்க வேண்டாம். உமது வண்டியின் பக்கத் தகடு வரி வரியாக மடித்தது, கண்ணாடிச் சட்டம் அந்த மேடுகளில்தான் குந்தும், பள்ளங்களில் வெளிச்சம் தெரியும். அந்தப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துண்டை விரலால் உருட்டி முதலில் வைத்துவிட்டு, அதன் மேல்தான் முழு ரேப்பும் போக வேண்டும். சுருள் 30 அடி. ஐந்து கண்ணாடிக்கு 45 அடி, கதவுக்கு 16, கூரைத் துவாரத்துக்கு 6, இரு பக்க மூலைச் சட்டங்களுக்கு 60 என்று வைத்தால் ஐந்து சுருள் போதும், ஆறு வாங்கும்.

ஒட்டும் இடத்தை முதலில் வைற் ஸ்பிரிற் என்ற பெயின்ற் கரைப்பானாலும் பிறகு சுத்த அற்ககோலாலும் துடைத்துக் காய விடும். ரேப்பைச் சட்டத்தில்தான் ஒட்ட வேண்டும், வண்டியில் அல்ல. இழுக்காமல், படுக்க வைப்பது போல வைத்து, ஆணி போகும் துளை ரேப்பின் நடுவில் வருகிறதா என்று பார்த்த பிறகே கடதாசியை உரியும். கீழ் ஓரம் முதலில், பக்கங்கள் இரண்டாவது, மேல் ஓரம் கடைசி. கிடுகு வேய்வதற்கு உமக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மூலையில் நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். துருப்பிடித்த பழைய ஆணிகளை எறிந்துவிட்டுத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி போடும். அவற்றை இயந்திரத்தால் அல்லாமல் கையால், எதிர் எதிராக, ரேப் ஓரத்தில் சற்றுப் பிதுங்கும் வரை இறுக்கிவிட்டு நிறுத்தும். முழு வெயில் ஒரு நாள் பட்ட பிறகு திரும்ப ஒரு சுற்று இறுக்கும், இரண்டு நாள் கழித்து இன்னொரு சுற்று. நாங்கள் இங்கே அதிகமாக விடும் பிழை அவசரப்பட்டு முதல் நாளே முழுக்க இறுக்குவது. ரேப் முழுவதும் வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. பிதுங்கியதை ஒரு கிழமை கழித்துப் பிளாஸ்ரிக் கத்தியால் வழித்து எடுத்தால் கோழி இறகு ஒட்டாது. குளிர் நாளில் வேலை செய்வதானால் சுருளை வீட்டுக்குள் வைத்திரும், குளிரில் அது விறைத்துவிடும். பெற்றோல் படும் இடத்துக்கு மட்டும் பியூட்டைல் ஆகாது, கரைந்துவிடும்.

நான் சோதித்த அலுமினியத் துண்டை, நடுவில் பியூட்டைல் இருக்கிறபடியே வெட்டி, அடுத்த மாதம் ரொரன்ரோ வரும் மருமகனிடம் கொடுத்து விடுகிறேன். கையால் இழுத்துப் பாரும்.

கடைசியாக ஒன்று. நீர் அனுப்பிய நான்காவது படத்தில், முன் கண்ணாடியின் இடது கீழ் மூலையில், உட்பலகையில் உள்ளங்கை அளவு கறுப்புக் கறை தெரிகிறது. சட்டத்தைக் கழற்றியதும் அங்கே மரத்தை ஸ்குறூட்ரைவரால் குத்திப் பாரும். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்றாமல் ரேப்பைத் தொட வேண்டாம்; உழுத்த மரத்தில் ஆணி பிடிக்காது, ஆணி பிடிக்காத இடத்தில் எந்த ரேப்பும் நிற்காது. எவ்வளவு இறங்கியது என்று எழுதும், காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்