இல்லாத ஊரின் சபை

அன்புள்ள கண்ணனுக்கு,

இன்றைய உக்ரைனில் இருக்கும் செர்னிகிவ் மாகாணம் போலந்து-லித்துவேனியாவின் கையை விட்டுப் போன பிறகும், அதன் பிரபுக்கள் வேறு மாகாணத்து ஊரான வொலோதிமிரில் கூடித் தீர்மானம் போட்ட கதையைப் போனில் சொல்லிச் சிரித்தாய். 'இல்லாத ஊருக்குப் போகாத வழி' என்றாய். முப்பது ஆண்டு வரலாறு நடத்தியவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

1648இல் கொசாக்குப் போர்வீரர்களும் குடியானவர்களும் கிளர்ந்தெழுந்தபோது இந்தப் பிரபுக்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று மேற்கே ஓடினார்கள். 1667இல் போலந்து-லித்துவேனியாவுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அந்த்ருசோவோ உடன்படிக்கை. செர்னிகிவும் ஸ்மோலென்ஸ்க் என்ற இன்னொரு மாகாணமும் மாஸ்கோவுக்குப் போயின. அதன் பிறகும் நூறு ஆண்டுக்கு மேல் செர்னிகிவின் 'செய்மிக்', அதாவது மாகாணப் பிரபுக்களின் சபை, வொலின் மாகாணத்து வொலோதிமிரில் கூடியது. தீர்மானத்தைப் பதிந்ததும் அந்த ஊர்க் கோட்டை நீதிமன்றப் பேரேட்டில்தான். ஸ்மோலென்ஸ்க்காரர்கள் லித்துவேனியத் தலைநகர் வில்னியுஸில் கூடினார்கள். ஸ்மோலென்ஸ்க் ஆயர் என்ற பட்டம்கூட விடாமல் தொடர்ந்தது. போலந்து வரலாற்றாசிரியர் நருஷேவிச் 1788இல் அந்தப் பட்டத்தில்தான் அமர்ந்தார்.

வெறும் ஏக்கம் என்று நினைக்காதே. சபை கூடினால்தான் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம். ஆள் போனால்தான் பதவியும் பட்டமும் வரும். மாஸ்கோ மன்னர் ஜார் நஷ்டஈடாகத் தர ஒப்புக்கொண்ட பத்து லட்சம் ஸ்லோட்டியில் (போலந்து நாணயம்) பங்கும் கேட்கலாம். நிலம் போனாலும் ஓட்டு போகவில்லை, பார்த்தாயா! அவர்களுக்காக நான் உருகவும் மாட்டேன். அந்த நிலத்தை உழுதவர்களுக்கு அந்தச் சபையில் இருந்தபோதும் இடமில்லை, ஓடியபோதும் இடமில்லை.

ஆனால் உன் பெரியப்பாவை நினைத்துப் பார். ஊரில் வீடும் இல்லை, வயலும் இல்லை. சென்னைக்குப் போய் நாற்பது ஆண்டு ஆகிறது. இருந்தும் ஒவ்வொரு பங்குனியிலும் மாரியம்மன் கோயில் வரியைக் கட்டி, ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைக்கிறார். ஒரு வருடம் விட்டால் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் விட்டுப்போகும் என்ற பயம். வொலோதிமிரில் கூடியவர்களுக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறை வரி கட்டப் போனபோது கணக்குப்பிள்ளை உன்னைப் பற்றியும் விசாரித்தாராம். நம் ஊரில் கல்யாணம் ஆனவனுக்குத்தான் தலைக்கட்டு. இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
அம்மா