மூணாறு கிளம்பும் மதினிக்கு

அன்புள்ள மதினி,

நீங்கள் அனுப்பிய மூணாறு பட்டியலைப் பார்த்தேன். இரண்டே நாளில் பதினான்கு இடம்! எதிரொலிப் பாறை, ரோஜாத் தோட்டம், போட்டிங், சாக்லேட் கடை என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ராஜமலையை மட்டும் ‘நேரம் இருந்தால்’ என்று கடைசியில் தள்ளியிருக்கிறார் டிராவல்ஸ்காரர். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். போடிக்காரி சொன்னாள் என்றால் அண்ணனும் மறுக்கமாட்டார்.

முதலில் தேதியை மாற்றுங்கள். மார்ச் கடைசி வாரம் போனால், ராஜமலை இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்காவின் கேட்டைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரியும் மார்ச்சும் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்துவிடும். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து மாதக் கடைசியில் வந்தால், அந்த வருடக் குட்டிகள் தாயோடு பாறையில் தாவிப் பழகுவதைப் பார்க்கலாம். மே வேண்டவே வேண்டாம், மூணாறு டவுனில் வண்டி நகராது.

காரில் சென்னையிலிருந்து நேராக வந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளாதீர்கள். 12 வருடம் ரயிலே இல்லாமல் கிடந்த போடிக்கு 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள்தான், பார்த்து புக் பண்ணுங்கள். ராத்திரி ஏறினால் காலையில் எங்கள் வீட்டு இட்லி. அப்புறம் போடிமெட்டு ஏறலாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்ட ஜீப்புகள் உங்களை முந்திக்கொண்டு போகும். உள்ளே தூக்குவாளியும் கையுமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நம் பக்கத்துப் பெண்கள்தான். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கி வருவார்கள். மெட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு.

மறுநாள் முழுக்க ராஜமலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக அஞ்சாம் மைல் போய்விடுங்கள். சொந்த வண்டி மேலே போகாது, வனத்துறை பஸ்தான். இறக்கிவிட்ட இடத்திலிருந்து தார் ரோட்டிலேயே மேலே நடக்கவேண்டும். ஏற்றம் கடுமையில்லை, உங்கள் முழங்காலுக்கும் தாங்கும். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் முன்னால் நடக்கிற அண்ணனின் முதுகுகூடத் தெரியாது. அதனால்தான் காலை என்கிறேன்.

வரையாட்டைத் தேடவேண்டியதே இல்லை. இங்கே மட்டும் 800-க்கு மேல் இருக்கின்றன, வேறெந்த ஒரே காட்டிலும் இத்தனை கிடையாது. நம் மாநில விலங்கை நிம்மதியாகப் பார்க்கக் கேரளாவுக்குப் போகவேண்டியிருக்கிறது, என்ன செய்ய! ரோட்டோரப் புல்லை மேய்ந்துகொண்டே நாலடி தூரத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், பிஸ்கட் நீட்டவும் விடாதீர்கள். சும்மா நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெடுக்கென்று ஒரு வாய் புல், உடனே தலையைத் தூக்கி ஒரு பார்வை, மறுபடி ஒரு வாய். தாய் செங்குத்துப் பாறையில் சாதாரணமாக இறங்கிப் போகும். குட்டி விளிம்பில் நின்று முன்காலை நீட்டும், இழுத்துக்கொள்ளும், மறுபடி நீட்டும், பிறகு ஒரே குதி. வயதான கடாக்கள் அதிகம் கீழே வருவதில்லை. உடம்பு கருத்து, முதுகில் மட்டும் வெள்ளி பூசினாற்போல் ஒன்று தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

எதிரே யானைத் தலைபோல் நிற்பது ஆனைமுடி, 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரம் கிடையாது. நமக்கு ஏற அனுமதி இல்லை. இங்கே குறிஞ்சி பூக்க இனி 2030 ஆகும். அதற்கு முன்னால் யாராவது ‘குறிஞ்சி காட்டுகிறேன், ஐந்நூறு கொடுங்கள்’ என்றால் வேறு ஏதோ நீலப்பூவைக் காட்டுகிறார் என்று அர்த்தம்.

நீங்கள் நடக்கிற அந்த மலைக்கு அப்பால்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து, லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்துபோயின. 70 பேர். பலர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்கள். சுற்றுலா வண்டிகளில் இதை யாரும் சொல்வதில்லை. பச்சைத் தோட்டத்தைப் போட்டோ எடுக்கும்போது நடுவே வரிசையாகத் தகரக்கூரை வீடுகள் தெரியும். அதுதான் லயம். கொழுந்து பறிக்கிற அக்காக்களிடம் தமிழிலேயே பேசுங்கள். ‘எந்த ஊரு?’ என்று அவர்களே முந்திக் கேட்பார்கள். 2015-ல் போனஸுக்கும் கூலிக்கும் யூனியன்களையே ஒதுக்கிவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போராடியதும் இந்தப் பெண்கள்தான்.

சாயங்காலம் நேரம் இருந்தால் நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற டீ மியூசியம். திங்கட்கிழமை லீவு. உள்ளே 1913-ல் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த கல் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, அண்ணனுக்குக் காட்டுங்கள், நாசரேத்துக்காரர் பூரித்துப் போவார். மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியதற்கான மிச்சத்தையும் வைத்திருக்கிறார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்தக் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, எங்கள் போடி வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் போயின. 1924 வெள்ளம் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவில்லை.

கொழுக்குமலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடியலுக்கு முன்னால் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போகவேண்டும். மலை இருப்பது தேனி மாவட்டத்தில், வண்டிப் பாதை இருப்பதோ கேரளாவில். கீழே மேகம் பரந்து கிடக்க, அதற்கு மேலே சூரியன் வருவது அருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ரோடு இல்லை மதினி, பாறைக் குவியல். பெரியவனை மட்டும் மாமாவோடு அனுப்புங்கள், நீங்கள் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

மூன்றாம் நாள் வந்த வழியே திரும்பாமல் மறையூர் பக்கம் இறங்குங்கள். இதைத்தான் டிராவல்ஸ்காரர்கள் யாரும் சொல்வதே இல்லை. லக்கம் அருவியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தேயிலை முடிந்துபோகும், ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். ரோட்டோரம் கம்பிவேலி போட்டுக் காவல் காக்கிற சந்தனக்காடு. மறையூர்ப் பாறை மேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய முனியறைகள், பெருங்கற்காலத்துச் சவக்குழிகள். பிள்ளைகள் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். மூணாற்றில் வருடத்துக்கு 3,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை, இங்கே 500 வந்தாலே பெரிசு. இரண்டு மணி நேரப் பயணத்தில் சோலைக்காட்டிலிருந்து முள்காட்டுக்கு வந்துவிடுகிறோம். காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள், யானை நடமாடுகிற வழி. இருட்டுவதற்குள் செக்போஸ்ட்டைத் தாண்டி உடுமலைப்பேட்டை சேர்ந்துவிடவேண்டும்.

சாக்லேட்டுக்கு வைத்திருக்கிற காசில் மறையூர் வெல்லம் வாங்குங்கள், எனக்கும் இரண்டு கிலோ. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஆலை ஓடுகிற கொட்டகையைப் பார்த்து நிறுத்தி, கையால் உருட்டிய கருப்பு உருண்டையாகக் கேளுங்கள். மஞ்சளாகப் பளபளவென்று இருந்தால் விட்டுவிடுங்கள், அது நம் ஊரிலிருந்து மலையேறிப் போன சரக்கு.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்