எவ்வளவு தடவுவது என்று எழுதிக் கொடுங்கள்: குழந்தை நல மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தை நல மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கைக்குழந்தையின் தோலுக்கு நீங்கள் சொல்லும் ஆலோசனையை எழுதிக் கொடுங்கள். எதைத் தடவுவது, எங்கே தடவுவது, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, எதைக் கண்டால் உடனே திரும்பி வருவது. இந்த ஆறும் ஒரு தாளில் இருந்தால் போதும்.

போன வாரம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. என் மகளுக்குக் கன்னத்திலும் கைகளின் வெளிப்புறத்திலும் கரப்பான். மருத்துவர் பார்த்துவிட்டு, "எக்ஸிமாதான், பயப்படாதீங்க" என்றார். ஸ்டீராய்டு களிம்பு எழுதினார். "சிவப்பு அடங்குற வரைக்கும் லேசா போடுங்க. ரொம்பப் போட்டுடாதீங்க." அதற்குள் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்தவர், "முகத்துக்கா? இது ஸ்டீராய்டும்மா, பாத்துப் போடுங்க" என்றார். பிறகு தடுப்பூசி போட்ட செவிலியர், "இதெல்லாம் வேண்டாம், தோல் மெலிஞ்சு போயிடும். வளர வளரத் தானா சரியாயிடும்" என்றார். மூவருமே அக்கறையோடுதான் சொன்னார்கள். அந்த மூன்று அக்கறையும் சேர்ந்து என் கையைக் கட்டிப்போட்டுவிட்டன.

அன்றைய இரவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை தூக்கத்திலேயே கன்னத்தைத் தேய்க்கிறாள். கையுறை போட்டுவிட்டால் விரிப்பில் முகத்தை வைத்து உரசுகிறாள். தூக்கித் தோளில் போட்டால் என் உடுப்பில் உரசுகிறாள். புண்ணான இடத்திலிருந்து நீர் கசிந்து துணியில் ஒட்டிக்கொள்கிறது, பிரிக்கும்போது வீறிடுகிறாள். நானும் என் கணவரும் முறை வைத்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் எங்களைப் பார்த்து அழுகிறாள், சொறிய விடமாட்டேன் என்கிறார்களே என்று. களிம்பு பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு பிதுக்க வேண்டும்? "ரொம்ப" என்பது எந்த அளவில் தொடங்குகிறது? குறைவாகப் போட்டால் வேலை செய்யாமல் போகுமா, கூடப் போட்டால் கெடுதலாகுமா? அந்த நேரத்தில் யாரைக் கேட்பது?

"சிவப்பு அடங்குற வரைக்கும்" என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் கறுப்பு. அவள் தோலில் சிவப்பு தெரியாது. கரப்பான் வந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, சாம்பல் பூத்தாற்போலவோதான் தெரிகிறது. தொட்டால் சொரசொரப்பு, லேசான சூடு. சிவப்பை வைத்து முடிவெடுக்கச் சொன்னால், கறுப்பான குழந்தையின் தாய் எதைப் பார்த்து முடிவெடுப்பாள்? மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களில் எல்லாக் குழந்தைகளும் வெளுப்பு. மருத்துவர்களுக்கு வழிகாட்டி நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-இல் வெளியிட்ட நெறி இதைச் சொல்கிறது: ஆசிய, கறுப்பினக் குழந்தைகளுக்கு எக்ஸிமா மூட்டு மடிப்புகளில் வராமல் கை கால்களின் வெளிப்புறத்தில் வரலாம், சிறு சிறு மேடுகளாகவோ காசு போன்ற வட்டங்களாகவோ தோன்றலாம். அது எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குச் சொல்லும் வாக்கியம் மட்டும் இன்னும் "சிவந்திருந்தால்" என்றே தொடங்குகிறது.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தது. கரப்பான் ஆறிய இடம் கறுப்புத் தோலில் சில மாதங்கள் வெளிறியோ கருத்தோ இருக்கும். அழற்சி விட்டுப்போகும் தடம் அது. பெரும்பாலும் தானாக மறையும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிறிய திட்டைப் பார்த்ததும் "களிம்புதான் கெடுத்துவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். களிம்பு குப்பைக்குப் போகிறது, குழந்தை மறுபடி சொறிகிறது. நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் களிம்பு குப்பைக்குப் போயிருக்காது.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் செய்ததை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் நான் கேட்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அவரே சாட்சி. என் ஆட்காட்டி விரலை நீட்டச் சொன்னார். விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை களிம்பைக் கோடாகப் பிதுக்கினார். "இது ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு இது போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகம் கழுத்து முழுவதற்கும் இப்படி ஒன்று. ஒரு கைக்கு ஒன்று. ஒரு காலுக்கு ஒன்றரை" என்றார். விரல்நுனி அளவு என்கிறார்கள் இதை. 1991-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டதாம். முகத்துக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டு மட்டுமே, கரப்பான் உள்ள இடத்தில் மட்டுமே, அடங்கிய பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். எல்லாமாகச் சில நிமிடங்கள். அந்தத் தாளை நாங்கள் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து வீட்டில் வாக்குவாதம் இல்லை. குழந்தை தூங்குகிறாள்.

இதை முதல் நாளே ஏன் யாரும் செய்யவில்லை? குற்றம் சாட்டக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மாய்ஸ்சரைசர் விஷயத்திலும் இதே கதைதான். பிறந்த நாளிலிருந்து தினமும் தடவினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாம் என்று 2014-இல் வந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. 2020-இல் பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. பிரிட்டனில் 1,394 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் ஓராண்டு தினமும் தடவிய குழந்தைகளில் இரண்டு வயதில் 23 சதவீதத்தினருக்கும் தடவாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் எக்ஸிமா இருந்தது. அதாவது தடுக்கவில்லை. தடவிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று சற்றுக் கூடுதலாகவும் வந்தது. நார்வே, ஸ்வீடன் ஆய்விலும் தடுப்புப் பலன் இல்லை. நிறை மாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்குத் தோல் நோயைத் தடுப்பதற்காக வழக்கமாக எதையும் தடவ வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்துவிட்டது. ஆனால் எக்ஸிமா ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு மாய்ஸ்சரைசர்தான் அன்றாட மருத்துவத்தின் அடித்தளம். அதைக் கஞ்சத்தனமில்லாமல் தடவ வேண்டும். இரண்டும் வேறு வேறு குழந்தைகள், வேறு வேறு ஆலோசனைகள். எங்களுக்கு வந்து சேர்வதோ "எல்லாக் குழந்தைக்கும் நல்லது" என்பது, இல்லையென்றால் "எதுவும் தேவையில்லை" என்பது. என் மகளுக்கு எது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே?

எந்த மாய்ஸ்சரைசர் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு நான்கையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2022-இல் வந்தது. பலனில் நான்கும் ஒன்றுதான். குழந்தைக்கு எரிச்சல் தராமல், வீட்டார் தினமும் தடவக்கூடியதாக இருப்பதே நல்லது. இதை ஒரு மருத்துவர் சொன்னால் எத்தனை குடும்பங்களுக்குச் செலவும் அலைச்சலும் மிச்சம்!

எண்ணெயைப் பற்றிப் பேசினால் குரல்கள் உயர்ந்துவிடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலிவ் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டையும் இங்கிலாந்தில் பச்சிளங்குழந்தைகளிடம் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வு, இரண்டுமே மேல்தோலின் கொழுப்பு அடுக்குகள் சீராக அமைவதைத் தாமதப்படுத்தின என்கிறது. குறைமாதக் குழந்தைகளின் கணக்கு வேறு, அது மருத்துவமனைக்குள் முடிவாக வேண்டியது. இதையும் "உங்கள் விருப்பம்" என்று எங்களிடமே விட்டுவிடாதீர்கள். விருப்பத்தைச் சொல்ல எங்களுக்கு விவரம் வேண்டும்.

குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது என்பதும், எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு அதிகம் என்பதும், அதனால் மேலே பூசுவது உள்ளே போகும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1972-இல் பிரான்சில், தயாரிப்புப் பிழையால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதம் கலந்துவிட்ட பேபி பவுடரால் 36 குழந்தைகள் இறந்தார்கள். வாங்கிப் போட்ட தாய்மார்கள் அது பாதுகாப்பானது என்று நம்பித்தான் போட்டிருப்பார்கள். பவுடர் மூச்சில் ஏறினால் நுரையீரலுக்குக் கேடு என்றும் நீங்களே எச்சரிக்கிறீர்கள். ஆனால் பிரசவ வார்டிலிருந்து வெளியே வரும்போது எங்கள் கையில் பவுடரும் வாசனை சோப்பும் லோஷனும் அடங்கிய அன்பளிப்புப் பை கொடுக்கப்படுகிறது. வார்டுக்குள், வெள்ளைச் சீருடை அணிந்தவர் கையால் வாங்கும் எதையும் ஒரு தாய் மருத்துவ ஆலோசனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொடிகளை இப்படி மருத்துவமனை வழியாகப் பரப்பக் கூடாது என்று உலக சுகாதார சபை 1981-லேயே நெறிமுறை வகுத்தது. தோலில் பூசுவதற்கு அப்படியொரு வேலி இல்லாததால்தானே இந்தப் பை வார்டுக்குள் வருகிறது? ஒவ்வாமை தராதது என்ற பொருளில் போடும் "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்கு அமெரிக்க அரசின் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது. 1975-இல் கொண்டுவந்த விதியை 1977-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. நாங்கள் அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்குகிறோம், ஏனென்றால் அது உங்கள் சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் இருக்கிறது. அந்தப் பையை நிறுத்துங்கள். அந்தச் சுவரொட்டியைக் கழற்றுங்கள். உங்கள் மேல் எங்களுக்குள்ள நம்பிக்கையை வேறொருவர் விற்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். வாசலில் நிற்கும் வரிசையில் நாங்களும்தான் நிற்கிறோம். அதனால்தான் தாளைக் கேட்கிறேன். மருந்தின் பெயர், நாட்கள், அளவு இவற்றுக்கு இடம் விட்டு ஒருமுறை அச்சடித்து வைத்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நிரப்பச் சில வரிகள் போதும். அளவை விரல்நுனிக் கணக்கில் எழுதுங்கள். படம் போடுவதாக இருந்தால் வெளுத்த தோல், மாநிறம், கறுப்பு மூன்றிலும் போடுங்கள். குளியலைப் பற்றியும் எழுதுங்கள்: பிறந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே முதல் குளியல், அதன் பிறகு தினமும் சோப்புப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எக்ஸிமா இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் குளிப்பாட்டி, ஈரம் ஒற்றிய உடனே மாய்ஸ்சரைசர். பிறந்த சில நாட்களில் வரும் சிவப்புத் திட்டுகள், மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், தலையில் படியும் மஞ்சள் செதில்கள் இவை பெரும்பாலும் தாமாகவே மறைபவை என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பேர் பயந்துகொண்டு உங்கள் வரிசையில் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கரப்பான் மேல் கொத்துக் கொத்தாக, ஆணியால் குத்தி எடுத்தாற்போன்ற, வலிக்கும் புண்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல். ஒரு மாதத்துக்குள் நீர்க் கொப்புளம். அழுத்தினாலும் மறையாத புள்ளிகளோடு சோர்வு. பால் குடிக்க மறுப்பது. இவற்றில் எதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்கு இரவில்தான் தெரிய வேண்டியிருக்கிறது, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது.

மருத்துவர், செவிலியர், மருந்தாளர் மூவரும் அந்த ஒரே தாளைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதும் என் வேண்டுகோளில் அடக்கம். ஒருவர் சொன்னதில் மற்றவருக்கு உடன்பாடு இல்லையென்றால் தயவுசெய்து நீங்களே உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையை, தூங்காத தாயிடம் தள்ளாதீர்கள்.

உங்கள் சங்கக் கூட்டங்களிலும் மருத்துவமனைக் குழுக்களிலும் இதை எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாளின் மாதிரியைத் தயாரிக்கும்போது பெற்றோர் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களுக்குப் புரிகிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு கைக்குழந்தையின் அம்மா