பினாங்கு உமிழ்வுச் சட்டம்: குப்பைமேட்டில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சரவாக் சட்டமன்றம் 2023 நவம்பரில் பசுமை இல்ல வாயு உமிழ்வைக் குறைக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் சபாவும் அந்த வழியில் இறங்கியது. பினாங்குக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வேண்டும்தான். ஆனால் '2050-க்குள் நிகர உமிழ்வு சுழியம்' என்று முதல் பிரிவில் எழுதிவிட்டு, யார் எந்த மீட்டரைப் பார்த்து அளப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் சட்டமாக அது இருக்கக்கூடாது.

சரவாக்கின் சட்டத்தைப் பிரதியெடுத்து மாநிலத்தின் பெயரை மட்டும் மாற்றுவதும் உதவாது. மின்சாரத்துக்கும் எரிவாயு விநியோகத்துக்கும் சொந்தச் சட்டம் வைத்திருக்கும் மாநிலம் அது. தீபகற்பத்தில் மின்சாரம், எரிவாயு, சாலைப் போக்குவரத்து எல்லாம் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கூட்டரசின் கையில் இருக்கின்றன. மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்கிறது 75-ஆவது விதி. ஆகவே பேராக்கின் மஞ்சோங் நிலக்கரி மின்நிலையத்துக்கோ ஓடும் கார்களுக்கோ மாநில அரசு அலுவலகமான கொம்தாரில் உட்கார்ந்து வரம்பு போட முடியாது. (கோலாலம்பூர் வாசகர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே சட்டமன்றமும் இல்லை.)

நம் கையில் இருப்பவை நிலம், காடு, ஊராட்சி. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால் குப்பையும் நம்மிடமே இருக்கிறது. அது ஏதோ மிச்சம் மீதி அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உணவுக் கழிவு. ஒரு டன் உணவுக் கழிவைக் காற்றுப் புகாமல் புதைத்தால், பன்னாட்டுப் பருவநிலைக் குழு தரும் இயல்பு மதிப்புகளின்படி அதிலிருந்து சுமார் 50 கிலோ மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு. அதாவது அந்த 50 கிலோ 1.4 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு என்பதால், ஒரு டன் மிச்சச் சோற்றைப் புதைப்பதும் 600 லிட்டர் பெட்ரோலை எரிப்பதும் ஒன்று.

இதைவிட முக்கியமானது அழுகும் வேகம். குளிர் நாடுகளில் குப்பைமேட்டை மூடிய பிறகு குழாய் இறக்கி வாயு எடுத்தாலும் ஓரளவு கிடைக்கும். நம் வெப்பத்திலும் மழையிலும் உணவுக் கழிவின் பாதி ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் சிதைந்துவிடுகிறது. நான்கைந்து ஆண்டுகள் கொட்டி முடித்து, மண் போட்டு மூடி, பிறகு டெண்டர் விட்டுக் குழாய் இறக்கும்போது பெரும்பங்கு வாயு எப்போதோ வானத்துக்குப் போயிருக்கும். கொட்டிக்கொண்டிருக்கும்போதே படுக்கைவாட்டில் குழாய் பதித்துவர வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்படவேண்டிய வரி. செங்குத்துக் குழாய் மட்டும் போட்டால் மழைக்காலத்தில் குப்பையிலிருந்து வடியும் கசிவுநீர் ஏறித் துளைகள் மூழ்கிவிடும். பம்பு ஓடும், வாயு வராது. அதற்காக உறிஞ்சும் வேகத்தைக் கூட்டினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அடியில் தீப்பிடிக்கக்கூடும். குழாயில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டுகிறதா, வெப்பம் 55 பாகையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது அமெரிக்க விதிகளில் பழைய வழக்கம். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு பற்றி எரிந்து, அணைக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதை செபராங் பிறை தெற்கில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தீ எப்படிப் பிடித்திருந்தாலும், உள்ளே இருக்கும் மீத்தேன் அதற்குத் தீனி.

எப்படி அளப்பது என்பதற்கு கலிபோர்னியாவில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. அந்த மாநிலத்தின் 2006-ஆம் ஆண்டுப் புவிவெப்பத் தீர்வுச் சட்டத்தின்கீழ், 2010-இலேயே குப்பைமேடுகளுக்குத் தனி விதி வந்தது. கையடக்க வாயுமானியோடு ஓர் ஆள் மேட்டின்மீது ஏழரை மீட்டர் இடைவெளியில் வரிவரியாக நடக்க வேண்டும். கருவியின் முனை தரையிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எந்த இடத்திலும் மீத்தேன் பத்து லட்சத்தில் 500 பங்கைத் தாண்டக்கூடாது. சுமார் 4,600 சதுர மீட்டர் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி 25-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் பத்து நாளுக்குள் சரிசெய்து மறுபடி அளக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை நடை. இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு கருவி, பயிற்சி பெற்ற இரண்டு பேர், அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடும் கடமை, அவ்வளவுதான். மூன்றாவதைத்தான் சட்டத்தால் மட்டுமே வாங்க முடியும்.

உணவுக் கழிவு குப்பைமேட்டுக்கே போகாமல் தடுப்பது இன்னும் மலிவு. குப்பையைப் பிரிக்கும் கொள்கை பினாங்கில் 2016 முதல் இருக்கிறது. ஆனால் அதில் காகிதமும் போத்தலும் பிரிகின்றன, சோறு பிரிவதில்லை. தொடக்கத்தில் வீடுகளை விட்டுவிட்டு, நாளொன்றுக்கு 50 கிலோவுக்குமேல் உணவுக் கழிவு தரும் ஹோட்டல், பேரங்காடி, நாசி கண்டார் கடை, பாசார் ஆகியவற்றைப் பிடிக்கலாம். ஒரு 120 லிட்டர் தொட்டி நிறைந்தால் கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும், தராசு தேடி அலைய வேண்டாம். உரமாக்குவதில் வழக்கமாக நடக்கும் தப்பு ஈரம். நம் உணவுக் கழிவில் முக்கால்வாசி தண்ணீர், மேலே கறி எண்ணெய் வேறு. குவியலின் ஈரம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும், கார்பனும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு 1 என்றிருக்க வேண்டும். காய்ந்த இலையும் மரத்தூளும் தாராளமாகச் சேர்க்காவிட்டால் குவியல் சேறாகி, நாறி, அங்கேயும் மீத்தேன்தான் வரும். சாலையோர மரங்களை வெட்டிச் சீர்செய்யும் ஊராட்சி மன்றங்களே அந்தக் கிளைகளைத் துருவிக் கொடுக்கலாம். மூடிய கலத்தில் வாயு எடுக்கும் முறைக்கு இந்த ஈரம் பிரச்சினையில்லை. அதற்கு எமன், குழம்பு கட்டிய பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும். கலக்கும் தண்டில் சுற்றிக்கொண்டு பொறியையே நிறுத்திவிடும்.

'இதற்கு எதற்குத் தனிச் சட்டம், மாநகர் மன்றத் துணைச் சட்டம் போதுமே' என்பார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் வரும் துணைச் சட்டங்களில் அபராதம் 2,000 ரிங்கிட்டைத் தாண்ட முடியாது. ஒரு பேரங்காடிக்கு அது ஒரு வார இறுதியின் வாகன நிறுத்தக் கட்டண வசூல்கூட ஆகாது. சட்டமன்றச் சட்டம் வேண்டும் என்று சொல்வதற்கு என் முதல் காரணமே இதுதான்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. மின்சாரத்தை மாநிலம் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் கட்டட உரிமையாளரிடம் பன்னிரண்டு மாத பில்லைக் கேட்கலாம். வியாபார உரிமம் புதுப்பிக்கும்போதோ மதிப்பீட்டு வரிக் கழிவு கேட்கும்போதோ அதை நிபந்தனையாக்கலாம். ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்குமேல் எரிசக்தி செலவிடுவோர் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே எரிசக்தி ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவர்கள். மின்சாரம் மட்டும் என்றால் அது 60 லட்சம் கிலோவாட்மணி. அவர்களிடம் அதே அறிக்கையின் நகலை வாங்கினால் போதும். இரண்டு படிவம், இரண்டு கணக்கு என்று போனால் கூட்டரசோடு மோதலும் வரும், தொழிற்சாலைகளின் எரிச்சலும் வரும். மாநிலம் கவனிக்கவேண்டியவை அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள நடுத்தர ஹோட்டல்கள், மருத்துவமனைகள், அலுவலக மாடிகள்.

இங்கே மூன்று இடத்தில் கணக்கு தவறும். வாடகைக் கடைகளுக்குத் துணை மீட்டர் இருந்தால் உரிமையாளரும் கடைக்காரரும் அதே யூனிட்டை எழுதுவார்கள், அல்லது இருவரும் எழுதமாட்டார்கள். இரண்டாவது, யூனிட்டை உமிழ்வாக மாற்றும் எண். தீபகற்ப மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட்மணிக்கு 2022-இல் ஏறக்குறைய 0.77 கிலோ கரியமில வாயு. நீர்மின்சாரம் மிகுந்த சரவாக்கில் சுமார் 0.2 தான். ஆளாளுக்கு ஓர் ஆண்டின் எண்ணை எடுத்துப் பெருக்கினால், விளக்கு ஒன்றைக்கூட அணைக்காமலே உமிழ்வு குறைந்ததாகக் காட்டலாம். எந்த ஆண்டின் எண் என்று சட்ட அட்டவணையிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, ஏர்கோன் வாயு. பில்லில் இது வராது. ஆர்-410ஏ என்னும் குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆண்டில் எத்தனை கிலோ மறுபடி நிரப்பினார்கள் என்ற பராமரிப்பு ரசீதுதான் கசிவின் கணக்கு.

மாநிலத்துக்குள் இருக்கும் புகைபோக்கிகளை மட்டும் எண்ணுவோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக்கூடாது. அப்படி எண்ணினால் பேராக்கில் எரியும் நிலக்கரி பேராக்கின் கணக்கில் போய், நம் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் தூய்மையாகத் தெரியும். கலிபோர்னியா வெளிமாநிலங்களிலிருந்து வரும் மின்சாரத்தையும் தன் கணக்கில்தான் சேர்த்தது.

அந்த மாநிலத்தின் நிதானத்தையும் பார்க்க வேண்டும். சட்டம் 2006. கட்டாய அறிக்கை 2008-ஆம் ஆண்டு உமிழ்விலிருந்து. உச்சவரம்பும் உமிழ்வு உரிம வர்த்தகமும் 2013-இல். பெட்ரோல், டீசல் விநியோகஸ்தர்கள் உள்ளே வந்தது 2015-இல். பெரிய ஆலைகளின் அறிக்கையை அங்கீகாரம் பெற்ற வெளியார் சரிபார்க்க வேண்டும். 2020-இல் எட்டவேண்டிய 1990-ஆம் ஆண்டு அளவை 2016-இலேயே எட்டினார்கள். பொருளாதார மந்தமும் சூரியத் தகட்டின் விலைச் சரிவும் அதில் கைகொடுத்தன, எல்லாப் புகழும் சட்டத்துக்கு இல்லை. ஆனால் அளந்து வைத்திருந்ததால்தான் எட்டியதே தெரிந்தது.

மின்னணுத் தொழிற்சாலைகள் பற்றி ஒரு சொல். சில்லு தயாரிப்பில் செதுக்கவும் பொறிகளின் உள்ளறைகளைத் துப்புரவு செய்யவும் பயன்படும் புளோரின் வாயுக்கள் கரியமில வாயுவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வலியவை, சல்பர் ஹெக்சாபுளோரைடு 23,500 மடங்கு. கலிபோர்னியா 2010 முதல் இதற்கும் விதி வைத்திருக்கிறது, சில்லுத் தகட்டின் பரப்பளவுக்கு இவ்வளவு என்று. பினாங்கில் பெரும்பகுதி பொருத்தலும் சோதனையும் என்பதால் இங்கே அளவு குறைவாக இருக்கலாம். சிலிண்டர் வாங்கிய ரசீதைக் கேட்டால் ஒரே ஆண்டில் தெரிந்துவிடும்.

விலக்குக் கேட்டு வரிசை நிற்கும், அதில் நம் கோயில்களும் இருக்கும். கொடுக்க வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். மிஞ்சும் சோறும் வாழையிலையும் தேங்காய்ப் பருப்பும் உரத்துக்கு ஏற்ற கழிவு, பிளாஸ்டிக் குவளை கலக்காதவரை. பந்தல் அனுமதிக் கடிதத்திலேயே இரண்டு தொட்டி என்று ஒரு வரி சேர்த்து, உடைத்த தேங்காய் ஓட்டுக்கு மட்டும் தனி லாரி விட வேண்டும். சோற்றோடு உரக் குவியலுக்குப் போனால் ஓடு மட்க நெடுங்காலம் பிடிக்கும்.

இப்படிக்கு,
எரிசக்தித் தணிக்கைத் துறை வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு