டிரம்மர் கிடைக்காத குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், எங்கள் பர்மிங்காமின் இண்டஸ்ட்ரியல் மெட்டல் (தொழிற்சாலை இரைச்சல் போல ஒலிக்கும் கனத்த ராக்) குழுவான காட்ஃபிளெஷின் 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழில் இதை எழுதவும் ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் பிரித்தேன். "டிரம்மர் கிடைக்காததால் டிரம் மெஷினை வைத்துச் சமாளித்தார்கள்" என்ற வரி வரும்வரை.

காட்ஃபிளெஷை நடத்தும் ஜஸ்டின் பிராட்ரிக் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' இசைத்தட்டில் முதல் பக்கப் பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்தவர். அப்புறம் ஹெட் ஆஃப் டேவிட் குழுவில் வாசித்தது என்ன? டிரம்ஸ்! அவரே டிரம்மர், ஐயா. பாஸுக்கு ஜி. சி. கிரீனை வைத்துக்கொண்ட மனிதர், தாளத்தை மட்டும் மெஷினிடம் கொடுத்தது சமாளிப்பா?

நான் 1991இல் பர்மிங்காமுக்கு வந்து, உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். நமக்குத் தூக்கம் வருகிறது என்று பிரஸ் மெதுவாக இறங்காது. கை கொஞ்சம் பிந்தினால் விரல் போய்விடும். பக்கத்து மெஷின்காரருக்குப் போனது. (பிளாக் சபாத்தின் டோனி அயோமிக்கும் இதே ஊரில், தகடு வெட்டும் வேலையில்தான் விரல் நுனிகள் போயின. அந்தக் கதையை மட்டும் சலிக்காமல் எழுதுகிறீர்கள்.) கூட வேலை பார்த்த பையன் ஒருவன் கேசட்டில் இந்த ஆல்பத்தின் 'லைக் ராட்ஸ்' பாட்டைப் போட்டுக் காட்டினான். அட, இது நம்ம ஷாப் ஆச்சே என்று இருந்தது. மனுஷன் அடித்தால் எங்காவது கொஞ்சம் இளகும். அது கடைசிவரை இளகவே இல்லை.

சரி, இது ஒன்றுதானா? முன்பு உங்கள் இண்டஸ்ட்ரியல் மெட்டல் சிறப்பிதழ் ஜெர்மன் குழுவான ராம்ஸ்டைனில் தொடங்கி ராம்ஸ்டைனிலேயே முடிந்தது. அவர்களுடைய முதல் ஆல்பமே 1995இல்தான். அதே வருடம் அமெரிக்கக் குழுவான ஃபியர் ஃபேக்டரி, ஹெட் ஆஃப் டேவிட் பாட்டு ஒன்றை எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் பாடியிருந்தது. யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று அதிலேயே தெரியும். இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது, "சிறப்பிதழ் அருமை" என்ற என் முதல் வரி. 2011இல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் இசை விழாவில் காட்ஃபிளெஷ் 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தை முழுவதுமாக வாசித்தபோதும் உங்கள் இதழில் மூச்சில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆல்பம் வெளிவந்தது 1989. நீங்கள் 1998 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் "இதழ் அருமை" என்ற வரியை வெட்டிக்கொள்ளலாம். இந்த முறை அதை நான் எழுதவில்லை.

– பழைய சந்தாதாரர், பர்மிங்காம்