பதினான்கு நாளும் ஒரு படங்கும்

ஹப்புத்தளை, இலங்கை,
29.11.2020

அன்பின் தோழிக்கு,

கோத்தகிரியில் எல்லாரும் சுகம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. இந்தக் கொரோனா காலத்தில் அக்கா மகள் குவைத்தில் இருந்து எப்படி வந்தாள், வழியில் என்னென்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். இன்றைக்குத் திருக்கார்த்திகை. விளக்கேற்றிவிட்டு அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மார்ச்சில் விமான நிலையத்தை மூடினார்கள் இல்லையா, அதிலிருந்து பிள்ளை அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்கில் காத்திருந்து, ஒக்டோபர் தொடக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் மூக்கில் குச்சி விட்டு பி.சி.ஆர். எடுத்து, பெட்டிகளுக்கு மருந்தடித்து, ஆமி பஸ்ஸில் ஏற்றினார்களாம். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று போய்ச் சேரும்வரை தெரியாது. முகாமில் 14 நாள். நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தனிக் கட்டில், நுளம்பு வலை. "சித்தி, பொறந்ததுல இருந்து எனக்குன்னு ஒரு கட்டில் கெடைச்சது அங்கதான்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முகாமில் நோய் இல்லை என்று துண்டு கொடுத்து அனுப்பினாலும், வீட்டில் இன்னும் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வந்த அன்றைக்கே சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. மாத்தயா, படிவத்தோடு வந்தார். தனி அறை இருக்கிறதா, தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று வாசித்துக்கொண்டே போனவர், தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தார். நீ இருந்த அதே லயம்தான், தோட்டத்து வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்று ஒரே அறை, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி, உள்ளே ஆறு பேர். அக்கா ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு, கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஆள், எத்தனை தோட்டத்துக்கென்று அலைவார்?

அக்கா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு விரிப்பை எடுத்து இஸ்தோப்பில் குறுக்கே கட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் மற்ற ஐந்து பேர். ஐப்பசி மழையும் பனியும் உனக்குத் தெரியாததா? இரண்டு கம்பளி போர்த்தியும் விடிய விடிய நடுங்கினாள். அவள் குவைத்துக்குப் போகும்போது அவள் மகனுக்கு இரண்டு வயது, இப்போது ஆறு. போனில் பார்த்த அம்மா படங்குக்குப் பின்னால் இருக்கிறாள், கிட்டே போகக்கூடாது என்றால் அவனுக்கு எப்படி விளங்கும்? ராத்திரியில் படங்குக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டே தூங்கிப் போவானாம். அந்தக் கையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன் என்றாள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு இவர்கள் வீட்டில் யாரும் வரவேண்டாம் என்று லயத்தில் முடிவு செய்தார்கள். பயம், குற்றம் சொல்ல முடியாது. அடுத்த காம்பரா பொம்பளைதான் தினமும் வாளியில் கொண்டுவந்தாள். நல்ல மனசுக்காரி. ஆனால் பாத்திரம் பாத்திரத்தில் படக்கூடாதென்று உயரத் தூக்கி ஊற்றினாள். அதைப் பார்த்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நம் அப்பாயி காலத்தில் யாருக்கு யார் அப்படி ஊற்றினார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டோடு அடைத்ததால் அக்காவுக்கும் மருமகனுக்கும் 14 நாள் பேர் போச்சு, அத்தனை நாள் சம்பளமும் இல்லை. நாள் சம்பளமே 700 ரூபாய், ஆயிரம் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கென்று 10,000 ரூபாய் பெறுமதியான சாமான் தருவதாகச் சொன்னார்கள். வந்தது பதினோராம் நாள். அதுவரைக்கும் லயத்து ஆட்கள் கொடுத்த மாவும் பருப்பும்தான்.

பெப்ரவரியில் வுஹானில் இருந்து 33 மாணவர்களைக் கொண்டுவந்து இங்கே நம் தியத்தலாவை இராணுவ முகாமில் வைத்தார்களே, அப்போது நானும் பயந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு அம்மா காத்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னாலேயே நாள் முடிந்தது, தாளையும் கிழித்தாயிற்று. அன்றைக்கு அந்தப் பையன் அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் கொழும்புக் கடைகளில் நிற்கிற நம் பிள்ளைகள்தான் வரமுடியவில்லை. கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தை விட்டு வெளியே போகத் தடை. பலகாரம் சுட்டவர்கள் வீட்டில் தின்ன ஆளில்லை.

இதெல்லாம் நடக்கும்போது எனக்கு அடிக்கடி உன் நினைவு. இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமைப் பற்றி அப்பாயி சொல்லுவாள், குளிப்பாட்டி, உடுத்திய துணியை அவித்து, கையில் ஊசி குத்தித்தான் இங்கே கப்பலேற்றினார்கள் என்று. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீங்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனபோதும் அதே மண்டபம்தானே? அங்கே உங்களை எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? உன்னையும் உன் அம்மாவையும் ஒரே இடத்தில்தான் விட்டார்களா? இத்தனை வருசத்தில் நீ சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி