புக்கிங்கிலிருந்து அறைக்குப் போகும் அந்தக் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

தங்கும் விடுதி சாஃப்ட்வேருக்கு நீ வரைந்திருக்கும் டொமைன் மாடலில் (விடுதியின் வேலையில் வரும் பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் படம்) ஒரு கோடு கண்ணை உறுத்துகிறது. ‘புக்கிங்’கிலிருந்து ‘அறை’க்குப் போகும் கோடு, அதாவது ஒவ்வொரு முன்பதிவையும் ஒரு குறிப்பிட்ட அறையோடு கட்டிப்போடும் கோடு.

படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மாடல் சரியா என்று தெரியாது. தேதியும் எண்ணும் உள்ள ஒரு நிகழ்வை அதற்குள் ஓட்டிப் பார். விருந்தினர் 12-ஆம் தேதி வந்து 15-ஆம் தேதி கிளம்புகிறார், இரட்டைக் கட்டில் அறை. 11-ஆம் தேதி இரவு 204-ஆம் அறையில் குழாய் உடைகிறது. ரிசப்ஷனில் இருப்பவர் என்ன செய்வார்? 207-ஐக் கொடுப்பார், அவ்வளவுதான். விருந்தினரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. உன் மாடலிலோ புக்கிங்கையே திருத்த வேண்டும். ‘உங்கள் முன்பதிவு மாற்றப்பட்டது’ என்று அவருக்கு மெயிலும் போய்விடும்.

ரிசப்ஷனில் பேசுவதைக் காது கொடுத்துக் கேள். “அவங்களுக்கு ரூம் போட்டாச்சா?” என்பார்கள். அந்த ‘ரூம் போடுவது’ உன் மாடலில் எங்கேயும் இல்லை. முன்பதிவு என்பது அறை வகைக்கும் இரவுகளுக்கும். எந்த அறை என்பது ஒதுக்கீடு, அது தனி. இரண்டையும் ஒரே கிளாஸில் (நிரலில் ஒரு கருத்தைக் குறிக்கும் அலகு) அடைத்ததுதான் சிக்கல்.

‘இரவு’ என்றதும் இன்னொன்று. 12 முதல் 15 வரை என்றால் மூன்று இரவுகள். 15-ஆம் தேதி இரவு அடுத்தவருக்கு. வரும் நாள் சேரும், கிளம்பும் நாள் சேராது. இதை ஒரு வேல்யூ ஆப்ஜெக்டுக்குள் (மதிப்பை மட்டும் வைத்து அடையாளம் காணும் சிறு பொருள்; இங்கே தங்கும் தேதிகள்) ஒரே இடத்தில் எழுது. தேதிகளை ஒப்பிடும்போது எங்காவது ‘சிறியது’ என்பதற்குப் பதில் ‘சிறியது அல்லது சமம்’ என்று வந்துவிட்டால், காலியாக இருக்கும் அறையை நிரம்பியதாகக் காட்டும்.

பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் போதும். டேட்டாபேஸ், ஸ்கிரீன் எதையும் தொடாதே. வெறும் கிளாஸ்களும், அவை சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட்களும். மாடலைக் குறைந்தது மூன்று விதமாக எழுதிப் பார். சுலபமான நிகழ்வில் எல்லா மாடலும் தேறிவிடும், எனவே முரண்டு பிடிப்பதைக் கொடு: தங்கலை ஒரு நாள் நீட்டிப்பது, சொன்ன நாளில் வராமல் போவது, 10 அறைகளுக்கு 11 முன்பதிவு ஏற்பது. கடைசியாகச் சொன்னதை ஏதோ ஒரு ‘இஃப்’ நிபந்தனைக்குள் 1.1 என்று ஒளித்துவைத்தால் மேலாளரால் அதைச் சரிபார்க்கவே முடியாது. ‘மிகைப்பதிவு வரம்பு’ என்று பெயர் வைத்துத் தனி கிளாஸாக்கு. பிறகு பரிசோதனைக்கு எழுதிய நிரலைத் தயங்காமல் தூக்கிப் போடு. பெயர்களும் டெஸ்ட்களும் மட்டும் மிஞ்சட்டும்.

அக்ரிகேட் (ஒன்றாகவே படித்து ஒன்றாகவே சேமிக்கும் பொருள்களின் தொகுப்பு) எல்லையையும் இப்போதே சோதி. விடுதி முழுவதும் ஒரே அக்ரிகேட் என்றால், சம்பந்தமில்லாத இரண்டு முன்பதிவுகள் ஒரே நொடியில் வரும்போது இரண்டும் ஒரே பழைய பதிப்பைத் திருத்த முயல்வதால் வெர்ஷன் எண் மோதி ஒன்று தள்ளுபடியாகும். அறை வகை, இரவு என்று பிரித்தால் மோதல் குறையும்; ஆனால் மூன்று இரவு முன்பதிவு மூன்று அக்ரிகேட்களைத் தொடும். மூன்றாவது இரவு நிரம்பியிருந்தால் முதல் இரண்டையும் விடுவிக்க வேண்டும். எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருப்பதால் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்துக்கொள்வதே மேல் என்பேன்; முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது. தேதி வரிசைப்படி லாக் எடு (மற்றவர் திருத்த முடியாதபடி பூட்டு), இல்லாவிட்டால் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் டெட்லாக் வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரேயடியாகக் கை வைக்காதே. ஒதுக்கீட்டுக்குத் தனி டேபிள் சேர்த்து, பழையதிலும் புதியதிலும் எழுது. பழைய பதிவுகளை நிரப்பியபின் படிப்பதைப் புதியதற்கு மாற்று. புக்கிங்கில் உள்ள அறை எண் நெடுவரிசையை அதற்கும் அடுத்த ரிலீஸில் நீக்கு.

204-ஆம் அறை நிகழ்வை முதல் டெஸ்டாக எழுதி அனுப்பு. விருந்தினருக்கு மெயில் போகக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்